ஒரு வீட்டுக்கு ஆறு துறைகள்: வாசகர் கேள்வி – பதில்

பள்ளி, மருத்துவமனை, சமூகநலத் துறை, காவல், தொண்டு நிறுவனம் எனப் பிள்ளைகளோடும் குடும்பங்களோடும் வேலை செய்பவர்கள் ஊர் அளவில் கைகோப்பது எப்படி? வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில். சட்டம் நாட்டுக்கு நாடு மாறும் என்பதால், சட்டம் தொடர்பான பதில்களை உங்கள் ஊர் விதிகளோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்று பிள்ளைகளின் தாய் ஒருவருக்கு மனநலச் சிகிச்சை நடக்கிறது. பிள்ளைகளில் மூத்த இருவரும் எங்கள் பள்ளியில் படிக்கிறார்கள். சமூகநலத் துறை, மருத்துவமனை, வீட்டுவசதித் துறை, இரண்டு தொண்டு நிறுவனங்கள், நாங்கள் என ஆறு பேர் அந்தக் குடும்பத்துக்கு உதவுகிறோம். ஆனாலும் மூத்தவள் வாரத்தில் ஒரு நாளாவது பள்ளிக்கு வருவதில்லை. எங்கிருந்து தொடங்குவது?
– தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியை

ஆறு பேரையும் கூட்டி மீட்டிங் போடுவதிலிருந்து தொடங்காதீர்கள். அது பிறகு. முதலில் அந்தத் தாயோடு உட்கார்ந்து ஒரு தாளில் கட்டம் போடுங்கள். யார் வருகிறார்கள், எந்தத் துறை, வீட்டில் யாருக்காக, எந்தக் கிழமை எத்தனை மணிக்கு, என்ன செய்கிறார்கள், எப்போது முடியும் என்று சொல்லியிருக்கிறார்கள். இதைத் துறைகளிடம் கேட்டு நிரப்ப வேண்டாம். துறைகளிடம் கேட்டால் கோப்பில் இருக்கும் சேவையெல்லாம் பட்டியலில் ஏறிவிடும். வாசல் வரை வந்து சேர்ந்தது எது என்பது அந்த வீட்டுக்குத்தான் தெரியும்.

கட்டம் நிரம்பியதும் மூன்று விஷயங்கள் தெரியும். ஒரே வேலையை இருவர் செய்வது, ஒரே நேரத்தில் இரு இடத்துக்குக் கூப்பிடுவது, யாருமே தொடாத இடம். நீங்கள் சொல்லும் குடும்பத்தில் பெரும்பாலும் இரண்டாவதில்தான் சிக்கல் இருக்கும். ஓர் உதாரணத்துக்கு, தாய்க்கு மருத்துவமனையில் செவ்வாய்க்கிழமை காலை 9 மணிக்கு நேரம் கொடுத்திருக்கிறார்கள் என்று வையுங்கள். பள்ளியும் 9 மணிக்கு. கடைசிப் பிள்ளை இன்னும் பள்ளி வயதுக்கு வரவில்லை. அதைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் மூத்தவள் வீட்டில் நிற்கிறாள். பள்ளியின் பதிவேட்டில் அது ‘காரணமற்ற விடுப்பு’. மருத்துவமனைப் படிவத்தில் வயது, மருந்து, ஒவ்வாமை எல்லாவற்றுக்கும் கட்டம் இருக்கிறது, ‘வீட்டில் குழந்தைகள் உண்டா’ என்பதற்கு இல்லை. மருத்துவரோடு பேசி நேரத்தை 11 மணிக்கு மாற்றி, கடைசிப் பிள்ளைக்கு அந்த இரண்டு மணி நேரம் ஓர் ஏற்பாடு செய்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். வருகைக் குறைவுக்கு நோட்டீஸ் அனுப்பி இதைத் தீர்க்க முடியாது.

அடுத்தது, ஒரு முதன்மைப் பணியாளர். பதவியில் பெரியவர் வேண்டாம். குடும்பம் நம்புகிற, வாரம் ஒருமுறையாவது பார்க்கிற ஒருவர் போதும். யார் வேண்டும் என்று தாயையே கேளுங்கள். இவருக்கு நான்கு வேலைகள்: குடும்பத்துக்கு ஒரே தொடர்பு முகமாக இருப்பது, திட்டத் தாளைக் கையில் வைத்திருப்பது, சொன்னதைச் செய்யாதவரைக் கேட்பது, மறு ஆய்வுக்குத் தேதி குறிப்பது. மற்றவர்களின் வேலையைச் செய்வது இவர் பொறுப்பல்ல. இதை எல்லோர் முன்னாலும் சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் ஒரே மாதத்தில் வீட்டுவசதித் துறைக்கான படிவத்தையும் இவரே நிரப்பிக்கொண்டிருப்பார். இவருடைய மேலதிகாரி இதற்காக வழக்கமான வேலையில் கொஞ்சம் குறைத்துக் கொடுக்க வேண்டும். கூடுதல் சுமையாக வைத்தால் ஏற்பாடு நீடிக்காது. புதிதாகத் தொடங்குபவருக்கு இரண்டு மூன்று குடும்பங்களுக்கு மேல் கொடுக்காதீர்கள்.

திட்டம் ஒரே பக்கம். ‘வருகையை மேம்படுத்துதல்’ என்று எழுதினால் யாரும் எதுவும் செய்ய மாட்டார்கள். ‘செவ்வாய்தோறும் 10:30க்குத் தொண்டு நிறுவன ஊழியர் கடைசிப் பிள்ளையைக் குழந்தைகள் காப்பகத்தில் விடுவார், 12:30க்குத் தாய் அழைத்து வருவார், ஆறு வாரம் கழித்துப் பார்ப்போம்’ என்று எழுதினால் நடந்ததா இல்லையா என்று சொல்ல முடியும்.

ஒரு குடும்பத்தைப் பற்றிய தகவலைப் பள்ளிக்கோ காவலுக்கோ சொல்லலாமா, எவ்வளவு சொல்லலாம்? தனியுரிமைச் சட்டத்துக்குப் பயந்து வாயைத் திறக்கவே தயக்கமாக இருக்கிறது.
– சமூக சுகாதாரச் செவிலியர்

தயங்கியதால் வந்த கேடு பதிவாகியிருக்கிறது. 2000 பிப்ரவரியில் லண்டனில் விக்டோரியா கிளிம்பியே என்ற 8 வயதுச் சிறுமி, வளர்க்கப் பொறுப்பேற்றிருந்த பாட்டி முறை உறவினராலும் அவருடைய துணைவராலும் கொடுமைப்படுத்தப்பட்டு இறந்தாள். சமூகநலத் துறை, காவல், மருத்துவமனை, தொண்டு நிறுவனம் எல்லாம் அவளை அறிந்திருந்தன. லார்டு லேமிங் தலைமையில் நடந்த விசாரணையின் அறிக்கை 2003இல் வந்தது. தலையிட்டுக் காப்பாற்றியிருக்கக்கூடிய 12 சந்தர்ப்பங்கள் தவறவிடப்பட்டதாக அது எண்ணிக் காட்டியது. ஒவ்வொருவர் கையிலும் ஒரு துண்டு இருந்தது. யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை. அதன் தொடர்ச்சியாகத்தான் இங்கிலாந்தில் 2004ஆம் ஆண்டுக் குழந்தைகள் சட்டம் துறைகள் ஒத்துழைப்பதைச் சட்டக் கடமையாக்கியது.

அதற்காகக் கோப்பை அப்படியே திறந்துவிடவும் கூடாது. ஸ்காட்லாந்தில் ஒவ்வொரு பிள்ளையின் நலனையும் கவனிக்க ‘பெயர் குறிக்கப்பட்ட நபர்’ ஒருவரை நியமிக்கும் சட்டம் வந்தது. அதிலிருந்த தகவல் பகிர்வுப் பிரிவுகள் குடும்பத்தின் தனியுரிமையை மீறுகின்றன என்று 2016 ஜூலையில் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2019இல் அந்தத் திட்டமே கைவிடப்பட்டது. நோக்கம் நல்லது என்பது மட்டும் பகிர்வதற்குப் போதுமான காரணம் ஆகாது.

நடைமுறைக்கு வருவோம். பிள்ளையோ வேறு ஒருவரோ ஆபத்தில் இருப்பதாக நியாயமான சந்தேகம் இருந்தால், உங்கள் ஊர் விதிப்படி உரிய இடத்துக்கு உடனே சொல்லுங்கள். ஒப்புதலுக்காகக் காத்திருக்க வேண்டாம். ஒப்புதல் கேட்பதே பிள்ளைக்கு ஆபத்தாகலாம் என்றால் கேட்கவே வேண்டாம். ஏன் சொன்னீர்கள், யாரிடம், எத்தனை மணிக்கு என்பதை அன்றே எழுதி வையுங்கள். சொல்லவில்லை என்று முடிவெடுத்தாலும் காரணத்தை எழுதுங்கள். பின்னால் விசாரணை வந்தால், தவறான முடிவைவிட எழுதாத முடிவைக் காப்பது கடினம்.

ஆபத்து இல்லை, உதவிதான் வேண்டும் என்றால் ஒப்புதல் வாங்குங்கள். ‘தகவல்கள் பிற துறைகளுடன் பகிரப்படும்’ என்ற ஒற்றை வரிக்குக் கீழே வாங்கும் கையெழுத்துக்கு மதிப்பில்லை. ‘உங்கள் மகனுக்குக் காது சரியாகக் கேட்பதில்லை என்பதை அவனுடைய வகுப்பாசிரியரிடம் சொல்லட்டுமா? முன் பெஞ்சில் உட்காரவைப்பார்கள். உங்கள் சிகிச்சையைப் பற்றி எதுவும் சொல்ல மாட்டேன்’ என்று கேளுங்கள். எதை, யாரிடம், எதற்காக, எதைச் சொல்லப் போவதில்லை என்ற நான்கும் அதில் இருக்கின்றன. நாளைக்கு மனம் மாறினால் திரும்பப் பெறலாம் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

ஆசிரியருக்குத் தாயின் நோயின் பெயர் தேவையில்லை. ‘இந்த மாதம் காலையில் பிள்ளை தாமதமாக வரலாம், கடிந்துகொள்ள வேண்டாம்’ என்பது போதும். வழக்கமாகத் தவறு நடக்கும் இடங்களையும் சொல்லிவிடுகிறோம்: ஒரு பக்கம் கேட்டால் முழுக் கோப்பையும் அனுப்புவது, பழைய மின்னஞ்சலின் வால் முழுவதையும் சேர்த்து எல்லோருக்கும் தள்ளிவிடுவது, பெயரோடு வாட்ஸ்ஆப் குழுவில் போடுவது. எல்லாவற்றிலும் மோசமானது, கணவனின் வன்முறைக்குத் தப்பி வந்த பெண்ணின் புதிய முகவரி, அந்தக் கணவனுக்கும் நகல் போகிற கடிதத்தில் இருப்பது. பிரிந்த பெற்றோர் இருவருக்கும் கடிதம் போகும் வழக்கம் இருந்தால், முகவரிக் கட்டத்தை அனுப்புவதற்கு முன் இன்னொருவர் சரிபார்க்க வேண்டும் என்ற விதியை இன்றே கொண்டுவாருங்கள்.

மாதாமாதம் ஒருங்கிணைப்புக் கூட்டம் நடக்கிறது. தேநீர் வருகிறது, மினிட்ஸ் (கூட்டக் குறிப்பு) வருகிறது, வேலை நடப்பதில்லை.
– தொண்டு நிறுவன ஒருங்கிணைப்பாளர்

யார் வருகிறார்கள் என்று பாருங்கள். ஒவ்வொரு முறையும் வேறு வேறு ஆள், ‘மேலதிகாரியிடம் கேட்டுச் சொல்கிறேன்’ என்பதற்கு மேல் அதிகாரம் இல்லாத ஆள் வந்தால் கூட்டம் உருப்படாது. அழைப்பிலேயே எழுதுங்கள்: அந்த மேசையில் உட்கார்ந்தபடியே தன் துறை சார்பாக ‘செய்கிறேன்’ என்று வாக்குக் கொடுக்கக்கூடியவர் வர வேண்டும். அவர் வர முடியாவிட்டால், பெயர் முன்பே பதிவான ஒரே ஒரு மாற்று ஆள்.

கூட்டத்தின் முதல் வேலை போன முறை ஒப்புக்கொண்டவற்றை வாசிப்பது. நடந்தது, நடக்கவில்லை, ஏன். அறிமுகமும் துறை சாதனை விளக்கமும் வேண்டாம். சாதனையை அறிக்கையில் படித்துக்கொள்ளலாம். 75 நிமிடத்துக்கு மேல் போகாதீர்கள். குடும்பங்களைப் பற்றிப் பேசும் கூட்டமென்றால் ஒரு குடும்பத்துக்குப் பத்துப் பதினைந்து நிமிடம், ஐந்து குடும்பத்துக்கு மேல் வேண்டாம். விவரத்தைத் தேவையானவர்களுக்கு மட்டும் இரண்டு நாள் முன்பே பாதுகாப்பாக அனுப்புங்கள். அங்கே வந்து முதல் முறையாகப் படிப்பவரால் எதுவும் முடிவெடுக்க முடியாது.

மினிட்ஸில் யார் என்ன பேசினார் என்பதை விடுங்கள். நான்கு கட்டம் போதும்: என்ன, யார், எந்தத் தேதிக்குள், நடந்தது எப்படித் தெரியும். ‘யார்’ என்பதில் துறையின் பெயர் வரக்கூடாது, ஆளின் பெயர் வர வேண்டும். ‘கண்காணிக்கப்படும்’, ‘தொடர்பில் இருப்போம்’, ‘ஆவன செய்யப்படும்’ ஆகியவற்றைத் தலைவர் எழுத அனுமதிக்கக் கூடாது. தாள் அன்று மாலையே போக வேண்டும். ஒரே வேலை இரண்டு கூட்டங்களாக நிலுவையில் நின்றால், அதைச் செய்ய வேண்டியவரின் மேலதிகாரிக்குத் தலைவர் கடிதம் எழுத வேண்டும் என்பதை முதல் கூட்டத்திலேயே எல்லோரும் ஒப்புக்கொள்ளட்டும். சண்டை வந்த பிறகு இந்த விதியைக் கொண்டுவந்தால் பழிவாங்கலாகத்தான் தெரியும்.

தேநீர் இருக்கட்டும். கூட்டம் முடிந்தபின் தேநீரோடு நிற்கும் பத்து நிமிடத்தில் நடக்கும் வேலை சில சமயம் கூட்டத்தில் நடப்பதைவிட அதிகம்.

வேறு சேவை தேவைப்படும் குடும்பங்களை ரெஃபரல் (பரிந்துரைத் தாள்) போட்டு அனுப்புகிறோம். பாதிப் பேர் போய்ச் சேர்வதில்லை. குடும்பங்களுக்கு அக்கறை இல்லையா?
– பாலர் பள்ளிப் பொறுப்பாளர்

அக்கறை இல்லை என்ற முடிவுக்கு வருவதற்கு முன் அந்தத் தாள் போகும் வழியைப் பின்தொடருங்கள். அது ஒரு பொது மின்னஞ்சல் பெட்டியில் விழுகிறது. அதைத் திறப்பவர் விடுப்பில் இருக்கிறார். திறந்தபின், ‘எங்கள் தகுதி வரம்பில் வரவில்லை’ என்ற பதில் உங்களுக்கு வருகிறது, குடும்பத்துக்கு வருவதில்லை. அல்லது குடும்பத்தை அழைக்கிறார்கள். திரையில் எண் மறைக்கப்பட்ட அழைப்பு. கடன்காரர் தொல்லையில் இருக்கும் தகப்பன் எடுப்பதில்லை. மூன்று முறை எடுக்காவிட்டால் கோப்பு மூடப்படும். கோப்பை மூடிவிட்டதாகச் சொல்லும் கடிதம் அந்த வீட்டில் யாராலும் படிக்க முடியாத மொழியில் வருகிறது. இதில் குடும்பத்தின் தவறு எங்கே?

கையில் கொடுத்து அனுப்புவதற்குப் பதிலாகக் கைபிடித்துச் சேருங்கள். குடும்பம் உங்கள் முன்னால் உட்கார்ந்திருக்கும்போதே அந்த அலுவலகத்தை அழைத்து, அவர்கள் பார்க்கப் போகிறவரின் பெயரையும் நாளையும் நேரத்தையும் வாங்குங்கள். முடிந்தால் தொலைபேசியை அந்தத் தாயிடம் கொடுத்து இரண்டு வார்த்தை பேசவையுங்கள். எண்ணை அவருடைய கைபேசியில் பெயரோடு சேமித்துக் கொடுங்கள். முதல் சந்திப்புக்கு யாராவது கூடப் போக முடிந்தால் இன்னும் நல்லது. ஏழு நாளில், ‘போனீர்களா’ என்று ஓர் அழைப்பு. ‘வரம்பில் வரவில்லை’ என்ற பதில் வந்தால், ‘அப்படியானால் யார் செய்வார்கள்’ என்று கேட்டு, விடை வரும்வரை உங்கள் கோப்பு திறந்தே இருக்கட்டும்.

ரெஃபரல் படிவத்தில் ‘பேச்சுத் தாமதம்’ என்று மட்டும் எழுதாதீர்கள். ‘மூன்று வயது, தனித்தனிச் சொல் பத்துக்கும் குறைவு, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை, காதுப் பரிசோதனை இதுவரை நடக்கவில்லை’ என்று எழுதினால் அது வரிசையில் எங்கே போய் நிற்க வேண்டும் என்று எதிரிலிருப்பவருக்குத் தெரியும்.

எங்கள் குடும்பத்தைப் பற்றி ஐந்து பேர் கூடிப் பேசப் போகிறார்களாம். உதவவா, வேவு பார்க்கவா? நான் மறுக்கலாமா?
– ஒரு தந்தை

நேராகக் கேளுங்கள்: ‘இது உதவிக்கான கூட்டமா, குழந்தைப் பாதுகாப்பு விசாரணையா?’ இரண்டும் வேறு. உதவிக்கான கூட்டமென்றால் பல நாடுகளில் உங்கள் ஒப்புதல் வேண்டும். மறுக்கலாம், நிபந்தனையும் வைக்கலாம். பாதுகாப்பு விசாரணையென்றால் நீங்கள் மறுத்தாலும் நடக்கலாம். அப்போது ஒத்துழைப்பது நல்லது, சட்ட ஆலோசனையும் தேடிக்கொள்ளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால், ‘எழுதித் தாருங்கள்’ என்று கேட்கத் தயங்க வேண்டாம்.

போகும்போது நம்பிக்கையான ஒருவரைக் கூட அழைத்துப் போங்கள். மொழி புரியாவிட்டால் மொழிபெயர்ப்பாளர் கேளுங்கள். உங்கள் பிள்ளையை மொழிபெயர்க்க விடாதீர்கள். அது பிள்ளை தூக்கக்கூடிய பாரம் அல்ல. கூட்டத்தின் தாளில் ஒரு நகல் வாங்குங்கள். அதில் ‘பெற்றோர் செய்ய வேண்டியவை’ பத்து வரியும் துறைகள் செய்ய வேண்டியவை ஒரு வரியும் இருந்தால், சரிசெய்யச் சொல்லிக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

நியூசிலாந்தில் 1989ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு வழியைக் கொண்டுவந்தது. குடும்பக் குழுக் கூட்டத்தில் அதிகாரிகள் தங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லிவிட்டு அறையை விட்டு வெளியேற வேண்டும். தாத்தா, பாட்டி, அத்தை, மாமா எல்லோரும் தங்களுக்குள் பேசித் திட்டம் போடுவார்கள். பிறகு அதிகாரிகளிடம் சொல்வார்கள். மாவோரி மக்களின் குடும்ப முறையிலிருந்து வந்த வழி அது. இன்று பல நாடுகளில் புழங்குகிறது. உங்கள் ஊரில் உண்டா என்று விசாரியுங்கள். பிள்ளையையும் கேட்க மறக்காதீர்கள். தன்னைப் பற்றிய முடிவுகளில் பிள்ளையின் கருத்துக்கு இடமுண்டு என்று 1989ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையின் 12ஆவது பிரிவு சொல்கிறது.

இதெல்லாம் உண்மையிலேயே பலன் தருகிறதா? ஆய்வு ஏதும் உண்டா?
– சமூகப்பணி மாணவர்

உண்டு, விடை அவ்வளவு இனிப்பாக இல்லை. அமெரிக்காவில் ஃபோர்ட் பிராக் ராணுவத் தளப் பகுதியில் 1990களின் முதல் பாதியில், ராணுவத்தினர் பிள்ளைகளுக்கான மனநலச் சேவைகளை நன்றாகப் பணம் போட்டு ஒருங்கிணைத்தார்கள். சேவை எளிதில் கிடைத்தது, பெற்றோர் திருப்தியடைந்தார்கள். ஆனால் பிள்ளைகள் குணமானதில் வழக்கமான முறைக்கும் இதற்கும் வேறுபாடு தெரியவில்லை, செலவோ கூடியது. டென்னசி மாநிலத்தில் 32 அரசு அலுவலகங்களின் கீழ் வந்த 250 பிள்ளைகளைப் பின்தொடர்ந்த ஆய்வு 1998இல் வெளியானது. அலுவலகத்துக்குள் சண்டை குறைவாக, யார் வேலை எது என்று தெளிவாக, ஊழியர்கள் ஒருவருக்கொருவர் துணையாக இருந்த இடங்களில் பிள்ளைகள் நன்றாகத் தேறினார்கள். துறைகளுக்கிடையேயான ஒருங்கிணைப்பு அதிகரித்த இடங்களில் சேவைத் தரம் குறைந்தே இருந்தது!

இதை எப்படிப் புரிந்துகொள்வது? ஒருங்கிணைக்க ஒரு தனிக் குழு இருக்கிறது என்றதும், பிள்ளையின் அருகிலிருக்கும் ஊழியர், ‘அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்’ என்று கையை எடுத்துவிடுகிறார். பொறுப்பு பலர் கைக்குப் பரவும்போது கரைந்துவிடுகிறது. ஒருங்கிணைப்பே வேண்டாம் என்று இதற்கு அர்த்தமில்லை. ஆனால் ஒரு பேச்சுப் பயிற்சியாளர் நல்ல பயிற்சி தராவிட்டால், அவரிடம் எவ்வளவு ஒழுங்காக அனுப்பினாலும் பிள்ளை பேசாது.

மறுபக்கம், குறுகலான, தெளிவான நோக்கத்துக்கு ஒன்றுசேர்ந்தால் மாற்றம் கண்ணுக்குத் தெரியும். பாலியல் வன்முறைக்கு ஆளான பிள்ளை முன்பெல்லாம் காவலரிடம், மருத்துவரிடம், சமூகப் பணியாளரிடம், நீதிமன்றத்தில் என்று ஒரே கொடுமையை மீண்டும் மீண்டும் சொல்ல வேண்டியிருந்தது. ஐஸ்லாந்து 1998இல் ‘பார்னாஹூஸ்’ என்ற குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கியது. பயிற்சி பெற்ற ஒருவர் பிள்ளையோடு ஓர் அறையில் பேசுவார். காவல், வழக்குத் தொடுப்பவர், குழந்தைப் பாதுகாப்புத் துறையினர் வேறோர் அறையில் திரையில் பார்ப்பார்கள். பதிவு நீதிமன்றத்துக்குச் சாட்சியமாகப் போகும். மருத்துவப் பரிசோதனையும் சிகிச்சையும் அதே வீட்டில். அமெரிக்காவில் அலபாமாவின் ஹன்ட்ஸ்வில்லில் 1980களில் உருவான மையத்தைப் பார்த்துப் பிறந்த ஏற்பாடு இது. ஸ்வீடன், நார்வே, டென்மார்க்கும் பின்பற்றின.

அதனால் உங்கள் ஊரில் எதை அளப்பது என்று கேட்டால், கூட்டங்களின் எண்ணிக்கையை அளக்காதீர்கள் என்போம். ஒரு குடும்பம் தன் கதையை எத்தனை பேரிடம் சொல்ல வேண்டியிருந்தது, முதல் கோரிக்கையிலிருந்து முதல் உதவி வரை எத்தனை நாள், பிள்ளை பள்ளிக்கு வந்த நாட்கள். இந்த மூன்றையும் தொடங்குவதற்கு முன்பே குறித்து வைத்தால்தான் பிறகு ஒப்பிட முடியும்.

எல்லாத் துறைகளையும் ஒரே அலுவலகமாக்கிவிட்டால் என்ன?
– உள்ளாட்சி மன்ற உறுப்பினர்

பெயர்ப் பலகையும் முத்திரையும் மாற்றுவதிலேயே இரண்டு ஆண்டு போய்விடும். இந்தியாவில் 1975 அக்டோபர் 2 அன்று 33 திட்டப் பகுதிகளில் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டம் துறைகளை இணைக்கவில்லை. அங்கன்வாடி என்ற ஒரே இடத்தில் ஆறு சேவைகளை வைத்தது. அவற்றில் தடுப்பூசி, உடல்நலப் பரிசோதனை, மேல்சிகிச்சைக்கு அனுப்புதல் ஆகிய மூன்றும் சுகாதாரத் துறை வழியாக நடப்பவை. யார் எதைச் செய்வது என்ற கோடு தெளிவாக இருக்கிறது. பலவீனமும் அதே கோட்டில்தான்: குறித்த நாளில் செவிலியர் வராவிட்டால் அங்கன்வாடிப் பணியாளரால் ஊசி போட முடியாது. ஆகவே நாட்காட்டியை இரு துறைகளும் சேர்ந்து போட வேண்டும்.

நீங்கள் தொடங்குவதானால், வாரத்தில் இரண்டு நாள் மூன்று துறை ஊழியர்களை ஒரே அறையில் உட்காரவையுங்கள். அவர்களுக்குத் தங்கள் துறைக் கணினியும் அச்சுப் பொறியும் அங்கே வேலை செய்ய வேண்டும்; இந்த ஒன்றைச் சரிசெய்யாமல்தான் பல ஏற்பாடுகள் படுத்தன.

துறைகள் சேர்ந்து ஒரு பொதுநிதி வைக்கலாமா? யார் பணம் போடுவது?
– மாவட்டக் கணக்கு அலுவலர்

செலவு ஒருவர் பையிலிருந்து, மிச்சம் இன்னொருவர் பையில் என்பதுதான் இங்கே மூலச் சிக்கல். சுகாதாரத் துறை பேச்சுப் பயிற்சியாளரை அமர்த்தினால் பலன் பள்ளியில் தெரியும். பள்ளி பணம் போடவில்லை என்று அடுத்த ஆண்டு அந்தப் பணியிடம் வெட்டப்படும். எனவே எழுத்தில் வையுங்கள்: ஒவ்வொருவரும் எவ்வளவு, குறைந்தது மூன்று ஆண்டுக்கு, ஊழியருக்குச் சட்டப்படி முதலாளி யார், அவர் விடுப்பில் போனால் மாற்று ஆளுக்கு யார் கொடுப்பது, செலவாகாத தொகை எங்கே போகும், விலகுவதானால் ஆறு மாத முன்னறிவிப்பு, தணிக்கை யார். ‘விலகினால்’ என்ற பிரிவைப் பேச எல்லோரும் கூச்சப்படுவார்கள். கல்யாணத்தில் விவாகரத்தைப் பேசுவது போலத்தான், ஆனாலும் பேசுங்கள்.

பெரிய நிதிக்கு முன் சின்னதாக ஒரு நெகிழ்வு நிதி வையுங்கள். ஒரு கட்டில், ஒரு மாதப் பேருந்துச் சீட்டு, கதவுக்கு ஒரு பூட்டு போன்றவற்றுக்கு. குறிப்பிட்ட வரம்புவரை முதன்மைப் பணியாளர் மேல்கையெழுத்தின்றிச் செலவிடலாம், ரசீது பிறகு. மூன்று கையெழுத்து கேட்டால் கட்டில் வருவதற்குள் பிள்ளை வளர்ந்துவிடும்.

பிள்ளை ஆபத்தில் இருக்கிறாள் என்று நாங்கள் சொல்கிறோம். சமூகநலத் துறை இல்லை என்கிறது. யார் சொல்வது நிற்கும்?
– பள்ளி ஆலோசகர்

உடனடி ஆபத்தென்றால் இந்தப் பதிலைப் படித்துக்கொண்டிருக்க வேண்டாம், காவலையோ அவசர எண்ணையோ அழையுங்கள். அதற்குக் குறைந்ததென்றால் படிப்படியாக: அன்றைக்கே ஊழியரும் ஊழியரும் பேசுவது, தீராவிட்டால் அடுத்த வேலை நாளுக்குள் மேலாளரும் மேலாளரும், ஐந்து வேலை நாளுக்குள் துறைத் தலைவர்கள். இந்த நாள் கணக்கு எங்கள் பரிந்துரை. உங்கள் ஊரில் ஏற்கெனவே விதி இருந்தால் அதுவே செல்லும். ‘கவலையாக இருக்கிறது’ என்று எழுதாமல், பார்த்ததை எழுதுங்கள்: என்ன தேதி, உடலில் எங்கே காயம், பிள்ளை சொன்ன அதே வார்த்தைகள். முடிவு வரும்வரை பிள்ளையைத் தினமும் யார் பார்ப்பது என்பதை முதல் பேச்சிலேயே தீர்த்துக்கொள்ளுங்கள்.

எல்லோரும் பார்க்கும்படி ஒரு மென்பொருள் செய்தால் சிக்கல் தீராதா?
– தகவல் தொழில்நுட்ப ஊழியர்

இங்கிலாந்தில் ‘கான்டாக்ட்பாயிண்ட்’ என்ற பெயரில் சுமார் 1.1 கோடி பிள்ளைகளின் விவரத்தோடு ஒரு தரவுத்தளம் கட்டினார்கள். அமைக்க 22.4 கோடி பவுண்டு. 2009இல் பயன்பாட்டுக்கு வந்தது, 2010 ஆகஸ்டில் மூடப்பட்டது. அத்தனை பேர் பார்க்கக்கூடிய இடத்தில் எல்லாப் பிள்ளைகளின் விவரமும் தேவையா என்ற கேள்விக்கு அது தாக்குப்பிடிக்கவில்லை. கடவுச்சொல் பூட்டிய ஒரு பக்கத் திட்டத் தாளும், ஒவ்வோர் அலுவலகத்திலும் தொலைபேசியை எடுக்கும் ஓர் ஆளும் முதலில் இருக்கட்டும்.

குடும்பம் திடீரென்று வேறு ஊருக்குப் போய்விட்டால்?
– சமூகப் பணியாளர்

அங்கேதான் பிள்ளைகள் கண்ணுக்குத் தப்புகிறார்கள். போகப் போவதாகத் தெரிந்ததும் புதிய ஊரில் பொறுப்பேற்கும் ஆளின் பெயரை வாங்குங்கள். ஒப்புதலோடு ஒரு பக்கச் சுருக்கமும் தடுப்பூசி அட்டை, பள்ளி மாற்றுச் சான்றிதழ் நகல்களும் அனுப்புங்கள். ஆபத்து இருந்த குடும்பமென்றால் தாள் மட்டும் போதாது, தொலைபேசியில் பேசுங்கள். பேசியவரின் பெயரையும் தேதியையும் கோப்பில் எழுதுங்கள். சொல்லாமல் போய்விட்டார்கள் என்றால் பள்ளி, மருத்துவமனை, வீட்டுவசதித் துறை மூன்றையும் அன்றே கேளுங்கள். மாற்றுச் சான்றிதழ் கேட்டு எந்தப் பள்ளியிலிருந்து கடிதம் வந்தது என்பதிலிருந்தே சில சமயம் ஊர் தெரிந்துவிடும். புதிய பள்ளியில் பிள்ளை வகுப்பில் உட்கார்ந்திருக்கிறாள் என்று அங்கிருந்து ஒருவர் உறுதி சொன்ன பிறகே உங்கள் கோப்பை மூடுங்கள்.